எல்லாருக்கும் பூட்டு போட்டா அது சமத்துவமா?

அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்தோட தலைநகர் ஜாக்சன். 1962-ல அந்த ஊர் மாநகராட்சி 5 நீச்சல் குளங்களை நடத்திட்டு இருந்தது. நாலு வெள்ளையர்களுக்கு, ஒண்ணே ஒண்ணு கறுப்பின மக்களுக்கு. இப்படி நிறம் பார்த்துப் பொது இடங்களைப் பிரிக்கிறது செல்லாதுன்னு அந்த வருஷம் நீதிமன்றம் சொல்லிடுச்சு.

மாநகராட்சி பூங்கா, கோல்ஃப் மைதானம், உயிரியல் பூங்கா எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விட்டது. நீச்சல் குளத்தை மட்டும் திறக்கல! சொந்தமா இருந்த 4 குளங்களையும் இழுத்து மூடியது. ஐந்தாவது குளம் ஒய்.எம்.சி.ஏ.கிட்ட குத்தகைக்கு எடுத்தது. அந்தக் குத்தகையை விட்டுட்டாங்க. அதுக்கப்புறமும் அது வெள்ளையர்களுக்கு மட்டுமான குளமாவே ஓடுச்சு.

பக்கத்துல நின்னு சிங்கம் பார்க்கலாமாம், ஒரே தண்ணியில மட்டும் இறங்கக் கூடாதாம். கிணறு, குளம்னு நம்ம ஊர்ல நடந்ததெல்லாம் தெரிஞ்ச நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1971-ல 5-க்கு 4 என்ற கணக்கில் மாநகராட்சி ஜெயிச்சது. குளம் நடத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, மூடினது ரெண்டு தரப்புக்கும்தான், அதனால இதுல பாகுபாடு இல்லைங்கிறது தீர்ப்பு. அதாவது 0 = 0. சமன்பாடு சரிதானே?

என்னைக் கேட்டா, சரியில்ல. காசு இருக்கிறவர் வீட்டுக்குப் பின்னாடி சொந்தமா குளம் கட்டிக்குவார், இல்லேன்னா கிளப்புல சேருவார். இல்லாதவருக்கு ஊர்க் குளம்தான் ஒரே குளம். நீச்சல் கத்துக்க வழியில்லாம வளர்ந்தவங்க, தங்களோட பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பாங்க? இன்னைக்கும் அமெரிக்காவுல நீச்சல் குளங்கள்ல மூழ்கி இறக்கிற கறுப்பினச் சிறுவர்களோட விகிதம், வெள்ளையினச் சிறுவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பல ஊர்கள்ல நடந்த இந்த ஒதுக்கலுக்கும் அதுல பங்கு உண்டு.

இந்த லாஜிக் நமக்கும் புதுசு இல்ல மக்களே. பசங்களுக்கு ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கிற ஒரு லைப்ரரியை எங்களுக்கும் திறங்கன்னு பொண்ணுங்க கேட்டா, "அப்போ யாருக்குமே வேண்டாம், 6 மணிக்கே மூடிடலாம்"னு ஒருத்தர் சொல்லுவார். கேட்க நியாயமாத்தான் இருக்கும். அப்போ ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: யார் உள்ள வரக் கூடாதுன்னு இந்தப் பூட்டு?