பனிக்கட்டி, ஜலம், ஆவி

அடுப்பில் வைத்த ஜலம் கொதித்து ஆவியாகிறது. இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். நமக்கோ அது அதிசயமாகவே தோன்றுகிறது. ஜலத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பவை. அந்தப் பற்றை அறுத்துக்கொண்டு அவை ஏன் வெளியேற வேண்டும்? உஷ்ணம் கொடுக்கிறோமே என்றால், உஷ்ணம் வழிச் செலவுக்குப் பணம் போன்றது. கையில் பணம் இருப்பதனால் மட்டும் ஒருவன் யாத்திரை புறப்பட்டு விடுவதில்லையே!

புறப்படத் தூண்டுவது, 1865-ல் கிளாஸியஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 'என்ட்ரபி' என்று பெயரிட்ட ஒன்றாகும். ஒரு வஸ்துவின் வெளித்தோற்றம் மாறாமலே அதன் மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையக்கூடும் என்பதன் அளவே அது என்று, பிற்பாடு வியன்னா நகரத்துப் போல்ட்ஸ்மான் விளக்கினார். அணுவென்பதே வெறும் கற்பனை என்று மாக் முதலிய பேரறிஞர்கள் சாதித்த காலம் அது. அவர்களோடு போல்ட்ஸ்மான் பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. 1906-ல் அவர் மறைந்தார். வியன்னாவில் அவருடைய சமாதியின்மேல் அந்த என்ட்ரபிச் சூத்திரமே பொறிக்கப்பட்டிருக்கிறது.

நவராத்திரிக் கொலுவை நினைத்துக்கொள்ளுங்கள். படியிலுள்ள பொம்மைகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. திடப்பொருளின் மூலக்கூறுகளும் அப்படித்தான், நின்ற இடத்தில் சற்று நடுங்குவதோடு சரி. கூடத்தில் சுண்டலுக்காக நெருக்கியடிக்கும் குழந்தைகள் திரவம். சுண்டல் வாங்கியபின் தெருவெங்கும் ஓடுகிறார்களே, அது வாயு.

உவமையோடு விட நமக்கு மனமில்லை, கணக்கையும் பார்த்துவிடுவோம். 18 கிராம் பனிக்கட்டி உருக ஏறக்குறைய 6,000 ஜூல் உஷ்ணம் வேண்டும். அதற்கும் கீழே போகவே முடியாத கடுங்குளிரிலிருந்து எண்ணினால், பனிக்கட்டி உருகும் நிலை 273 டிகிரி. 6,000-ஐ 273-ஆல் வகுத்தால் 22. அதுவே என்ட்ரபியின் ஏற்றம். அதே ஜலம் கொதித்து ஆவியாகச் சுமார் 40,700 ஜூல். 373-ஆல் வகுத்தால் 109. ஐந்து மடங்கு! மூன்று நான்கு தேக்கரண்டி ஜலம், ஆவியானதும் 30 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதுதான் முக்கிய காரணம்.

ஆனால் இடம் மட்டுமே எல்லாம் என்று எண்ணிவிடலாகாது. பனிக்கட்டி உருகும்போது கொள்ளும் இடம் குறைகிறது; என்ட்ரபியோ ஏறுகிறது. மற்றொன்றும் உண்டு. பென்ஸீன், குளோரோபாரம் போன்ற பல திரவங்கள் கொதிக்கையில் இந்த ஏற்றம் 85 முதல் 88 வரையில்தான் இருக்கிறது. 1884-ல் டிரௌட்டன் என்பவர் கண்ட விதி இது. ஜலம் மட்டும் ஏன் 109-க்குத் தாவுகிறது? திரவமாயிருக்கும்போதே அதன் மூலக்கூறுகள் கைகோத்து ஓரளவு ஒழுங்காக நிற்பதனால், கலைவது அவ்வளவுக்குப் பெரிதாகிறது.

உஷ்ணநிலை ஏற ஏற என்ட்ரபிக்கு மதிப்பு ஏறும். 100 டிகிரியில் பற்றும் விடுதலையும் தராசில் சரியாக நிற்கின்றன. அதற்குமேல் ஆவிக்கே ஜயம். இது சமுத்திர மட்டத்துக் கணக்கு. எவரெஸ்ட் சிகரத்தில் காற்றின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே ஆவிக்கு இடம் அதிகம், ஆகவே என்ட்ரபியும் அதிகம். தராசு ஏறக்குறைய 70 டிகிரியிலேயே சாய்ந்துவிடுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. ஜலம் கொதிக்க மறுப்பதனால் அல்ல, வெகு சீக்கிரமாகவே கொதித்துவிடுவதனால்.