வேடம் கட்டுவது விளையாட்டா?

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் சிலருக்குப் பேச்சே மாறிவிடும். கழுத்தில் மாலை ஏறும். வாயில் தகாத சொல் வராது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டப் போகிறவர்கள் அவர்கள். காளி, அரசன், குரங்கு, போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று ஆளுக்கொரு வேடம். மேடை கிடையாது, வசனம் எழுதித் தருவாரும் கிடையாது. வாசலில் வந்து நிற்கும் காளிக்குக் காசு போட்டுக் கும்பிடும் பாட்டியும் அதில் ஒரு பாத்திரந்தான்! கன்னியாகுமரியில் விஜயதசமியன்று பகவதியம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டை செல்லும்போது நாம் பார்வையாளர்கள். குலசையிலோ நாமே பாத்திரங்கள்.

மேலை நாட்டில் இதற்கு நெருங்கிய ஒன்றை ‘லார்ப்’ என்கிறார்கள். பார்ப்பவர் என்று தனியே யாருமின்றி, எல்லாரும் வேடமிட்டுக் காட்டிலும் கோட்டையிலும் நடமாடும் விளையாட்டு. அதன் வரலாற்றில் 1966-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இடைக்கால வீரர்களாக உடுத்திக் கூடியவர்கள் வருவார்கள். 1977-இல் வாஷிங்டன் பகுதியில் மெத்தென்ற போலி வாளேந்திய ‘டாகோர்ஹிர்’ குழு வரும். 1982-இல் இங்கிலாந்தின் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் தொடங்கிய ‘டிரெஷர் டிராப்’ வரும்.

உடனே ‘நாமே முன்னோடிகள்’ என்று மார்தட்ட நான் வரவில்லை. (அந்த வியாதி நம்மிடம் போதிய அளவு உண்டு.) அவர்களுடையது ஆட்டம்; நம்முடையது நேர்ச்சை. அங்கே பெரும்பாலும் வீரனாகவும் மந்திரவாதியாகவும் உயர்கிறார்கள். இங்கே கடை வைத்திருப்பவர் கந்தல் கட்டிக் கை நீட்டுகிறார். திரட்டிய காசு அம்மன் உண்டியலில் விழுகிறது. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்தால், மீண்டும் கடைக்காரர்!

சினிமா ஆட்டமும் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியும் சில குழுக்களில் புகுந்துவிட்டன. அவற்றை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி வேடக்காரர் அனைவரையும் ‘படிக்காத கூட்டம்’ என்று நம் வகுப்பறையில் நகைப்பது என்ன நியாயம்?

நானும் நகைத்தவன்தான். பத்தாம் வகுப்பில் படிக்கும்போது நண்பர்களோடு பேருந்து நிலையத்தில் நின்றேன். பிச்சைக்கார வேடத்தில் அப்பா வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ வேடம் கலையாமல், “அம்மனுக்குக் காணிக்கை போடுங்க சாமி” என்று என்னிடமே தட்டை நீட்டினார். நான் போடவில்லை. வீட்டுக்கு வந்தபின்னும் அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் கல்லூரி விழாவில் மாறுவேடப் போட்டி வைத்துக் கோப்பை தருகிறோம். அடுத்த ஆண்டு அதற்கு நடுவராகத் தசராக் குழுக்காரர் ஒருவரை அழைத்தால் என்ன? யாரும் கிடைக்காவிட்டால் என் அப்பாவை நான் அழைத்து வருகிறேன்.