வியாழக்கிழமைப் பட்டியல்

வியாழக்கிழமை மாலையில் யாராவது அலுவலகக் கூட்டம் வைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மெல்பர்னில் வார இறுதி ஆட்டங்களுக்கான அணிப் பட்டியல்களை அறிவிப்பது அந்த நேரத்தில்தான். மேசைக்கு அடியில் கைப்பேசி அதிரும். "மாமா, டீம் வந்திடுச்சு. உங்க ஆள் இல்ல." அனுப்புவது அங்கே வளரும் என் அக்கா மகன். வயது பதின்மூன்று.

எங்கள் இருவருக்கும் பொதுவான பேச்சு வேறு அதிகம் கிடையாது. அவனுடைய தமிழ் பாதியில் நின்றுவிட்டது. அவன் கேட்கும் பாட்டு எனக்குப் புரிவதில்லை. ஆஸ்திரேலிய ரூல்ஸ் காற்பந்தின் ஃபேன்டசி ஆட்டம்தான் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை. (என் மனைவி முதலில் கேட்ட கேள்வி அதுதான்.) கற்பனைச் சம்பள வரம்புக்குள் நிஜ ஆட்டக்காரர்களை வாங்கி அணி அமைக்க வேண்டும். வார இறுதியில் திடலில் அவர்கள் செய்வதெல்லாம் நமக்குப் புள்ளி. ஓர் உதைக்கு 3, கையால் குத்திக் கொடுக்கும் ஹேண்ட்பாலுக்கு 2, பந்தைப் பிடித்து மார்க் எடுத்தால் 3, எதிரியை மடக்கும் டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6. தவறிழைத்து ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டால் 3 புள்ளி போய்விடும்.

இந்தக் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். நான்கு கோல் போட்டு மறுநாள் பத்திரிகையில் படம் வரும் வீரருக்குக் கோலுக்காகக் கிடைப்பது 24. பின்வரிசையில் நின்றுகொண்டு, யாரும் கவனிக்காமல், 20 உதையும் 10 ஹேண்ட்பாலும் செய்தவருக்கு 80. ஆகவே பெயரைப் பார்த்து வாங்குபவர் தோற்பார். எந்த இடத்தில் ஆடுகிறார், பந்து அவர் கைக்கு எத்தனை முறை வரும் என்பதுதான் பேச்சு. நடுச் சதுரத்தில் பந்து எழும்பும்போது அங்கே ஓர் அணிக்கு நால்வர் மட்டுமே நிற்கலாம். ஒருவர் ரக், அதாவது பந்துக்கு எகிறும் நெட்டையர். மீதி மூன்று இடங்களில் யார் நிற்கிறார் என்பதை நாங்கள் வாராவாரம் எண்ணுகிறோம். அந்த எண் குறைந்தால், பயிற்றுவிப்பாளர் பேட்டியில் என்ன புகழ்ந்தாலும், ஆள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார் என்று பொருள்.

பிராடி கிரண்டியால் நான் பட்டது உண்டு. காலிங்வுட் அணியில் ரக்காக ஆடி 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்தவர். 2023 பருவத்துக்கு மெல்பர்ன் அணிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே மேக்ஸ் கான் இருந்தார். ஒரே உறையில் இரண்டு வாள். இரண்டாவது சுற்றிலேயே கானுக்கு முழங்காலில் அடி. கிரண்டி தனியாளாக ரக் இடத்தைப் பிடித்துப் புள்ளி குவித்தார். நான் பாய்ந்து வாங்கினேன். கான் குணமாகித் திரும்பியதும் கிரண்டியின் வேலை பாதியானது, பிற்பாடு இரண்டாம் நிலை அணிக்கே அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு சிட்னிக்குப் போனார், ரக் இடம் மறுபடி அவருக்கே, புள்ளியும் திரும்பி வந்தது. அதே கால், அதே கை. மாறியது வேலை மட்டும். "நான் அப்பவே சொன்னேன் மாமா" என்று அக்கா மகன் இன்றும் சொல்லிக்காட்டுவான்.

வேலையைக் கணிக்கலாம். காயத்தைக் கணிப்பதுதான் தலைவலி. டாம் மிட்செல் 2018 முதல் சுற்றில் ஒரே ஆட்டத்தில் 54 முறை பந்தைக் கையாண்டு சாதனை செய்தார். அந்த ஆண்டின் பிரவுன்லோ பதக்கமும் அவருக்குத்தான். அவ்வளவு தரமான ஆள், 2019 ஜனவரியில் பயிற்சியின்போது கால் எலும்பு முறிந்து அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. எந்தக் கணக்கிலும் வராத அடி அது. வருவதைத்தான் நான் கணக்கில் வைப்பேன். தொடையின் பின்தசை ஒருமுறை கிழிந்தவரிடம் எச்சரிக்கையாக இருப்பேன். அது திரும்ப வரும் ரகம். முறிந்த எலும்பு சேர்ந்துவிட்டால் அவ்வளவு பயமில்லை. நெடுங்காலம் ஆடாமல் திரும்புபவரின் விலை குறைந்திருக்கும், ஒருவரை மட்டும் துணிந்து வாங்கலாம், மூவரை வாங்குவது சூதாட்டம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்றால் குறைந்தது 12 நாள் ஓய்வு, விதி அது. சனிக்கிழமை அடிபட்டால் அடுத்த சனிக்கிழமை போச்சு. "ஒரே ஆட்டம்தான்டா, வித்துடாதே" என்று அவனுக்கு எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

அவன் கார்ல்டன் ரசிகன். அவனுடைய ஆள் சாம் டாக்கெர்ட்டி. முழங்கால் தசைநார் அறுந்து 2018, 2019 இரண்டு பருவங்களையும் முழுதாக இழந்தவர். திரும்பி வந்த பிறகு புற்றுநோய். அதையும் தாண்டி 2022இல் மீண்டும் ஆடினார். 2024இல் பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே முழங்கால் மறுபடி போனது. நான் அந்த இரவே, "அவரைத் தூக்கிடு, அந்தக் காசுக்கு வேறு நல்ல பின்வரிசை ஆள் இருக்கார்" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான் என்று அக்கா பிறகு சொன்னார். டாக்கெர்ட்டி அதே ஆண்டு, பருவம் முடிவதற்குள் திரும்பி வந்து ஆடினார். எனக்கு ஏனோ அன்று அவனை அழைத்துப் பேசக் கூச்சமாக இருந்தது.

போன பருவத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவனிடமிருந்து வந்த செய்தி வேறு மாதிரி. காலையில் அவனுடைய சிறுவர் அணி ஆட்டத்தில் யாரோ ஒருவன் முழங்கை அவன் நெற்றிப்பொட்டில் பட்டிருக்கிறது. தலை வலிக்கிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க. எங்களுக்கு 21 நாள் மாமா. மூணு மேட்ச் போயிடும். பெரியவங்களுக்கு 12தான், நீங்களே ஒரே ஆட்டம்னு சொல்வீங்கல்ல?"

என் வாக்கியம். நான் பாட்டுக்கு ரயிலில் நின்றுகொண்டு தட்டிவிட்டது.

லீக் வீரர்களுக்குப் பக்கத்திலேயே மருத்துவர்கள் இருக்கிறார்கள், உன் மூளை இன்னும் வளர்கிறது என்றெல்லாம் எழுதினேன், பிறகு அழித்தேன். அங்கே மணி பத்தரை. அக்காவை அழைத்துச் சொல்லிவிட்டேன். அன்றிரவே மருத்துவமனைக்குப் போனார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மூளை அதிர்ச்சிதான் என்றார்கள். 21 நாளும் வீட்டில்தான்.

அடுத்த வியாழக்கிழமை கைப்பேசி அதிரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பட்டியலை நானே தேடிப் பார்த்துக்கொண்டேன். அவனுடைய அணியையும் திறந்து பார்த்தேன். ஆடாத ஒருவரை அப்படியே விட்டு வைத்திருந்தான், அவருக்கு வாராவாரம் பூஜ்ஜியம். சொல்லலாமா என்று யோசித்துச் சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் வியாழக்கிழமை, கூட்டத்தின் நடுவில், மேசைக்கு அடியில் அதிர்ந்தது.

"மாமா, உங்க ரக் இல்ல இந்த வாரம். பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். "இல்லடா, நல்லவேளை சொன்னே" என்று பதில் போட்டேன்.