உள்ளே சுத்துதா, சும்மா இருக்கா?

மொபைலை ஓரங்கட்டிட்டு, பாட்டுக்குன்னே தனியா ஒரு ப்ளேயர் வேணும்னு பழைய ஐபாட் தேடுற ஆளா நீங்க? ஒரு நிமிஷம் பாஸ்! கலர், கீறல், பேட்டரி எல்லாம் பார்ப்பீங்க. உள்ளே பாட்டு எதுல குடியிருக்குன்னு கேட்டீங்களா?

2001-ல் வந்த முதல் ஐபாடில் இருந்தது 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். அகலம் 1.8 இன்ச். நிஜமாகவே குட்டித் தட்டு ஒன்று சுழலும். அதன்மேல் ஒரு 'ஹெட்' உரசாமல் மிதக்கும். தட்டு ஓயாமல் சுற்றினால் பேட்டரி காலி. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பாட்டுகளை மொத்தமாக 32 எம்பி மெமரிக்கு அள்ளிப் போட்டுவிட்டு டிஸ்க் தூங்கப் போய்விடும். சுமார் 20 நிமிடத்துக்குக் கவலையில்லை. முதல் சரணத்துக்கு முன்னாடியே 'நெக்ஸ்ட்' அமுக்குற கோஷ்டியா நீங்க? தூங்குற டிஸ்க்கைத் தட்டித் தட்டி எழுப்புறீங்கன்னு அர்த்தம்!

2005-ல் வந்த நானோவில் இந்தச் சுற்றல் வேலையே இல்லை. ஃப்ளாஷ் சிப்பில் மின்னூட்டமாகப் பாட்டு பதிந்திருக்கும். ஓடுங்க, குதிங்க, அது அசராது. ஆனால் கொள்ளளவு அப்போது 2 அல்லது 4 ஜிபிதான். அதனால்தான் 160 ஜிபி டிஸ்க்கோடு கிளாசிக் 2014 வரை கடையில் தாக்குப்பிடித்தது.

இப்ப கணக்கு போடுங்க. உங்க கைக்கு வர்ற கிளாசிக்கோட டிஸ்க்குக்குப் பத்து வயசுக்கு மேல! வாங்கும் முன்னாடி காதுகிட்ட வெச்சுக் கேளுங்க. 'டக்... டக்...'னு சத்தம் வந்தா கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அடாப்டர் போர்டு வழியாக மெமரி கார்டு மாட்டியதும் விற்பனைக்கு வருகிறது. எடை குறையும், சார்ஜ் கூடுதலாக நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான். நீங்களே மாற்றலாம்னு கிளம்பாதீங்க, கிளாசிக்கோட மெட்டல் மூடியைத் திறக்குறது லேசுப்பட்ட வேலை இல்லை.

கார்டு எவ்வளவு வேணும்? ஐந்து நிமிட எம்பி3 பாட்டு 128 கேபிபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட 5 எம்பி. 64 ஜிபியில் பன்னிரண்டாயிரம் பாட்டு! ஃப்ளாக் பார்ட்டி என்றால் ஒரு பாட்டுக்கு ஆறேழு மடங்கு இடம் ஒதுக்குங்க.

ரொம்ப மலிவா 512 ஜிபி கார்டுன்னா மட்டும் உஷார். உள்ளே 32 ஜிபி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிடமும் 512 என்று புளுகுகிற போலிகள் உண்டு. நிரம்பின பிறகு காப்பி ஆகிற மாதிரியே ஆகும், பாட்டு இருக்காது. காலி கார்டில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

கல்ச்சுரல்ஸ்ல உங்க பேண்ட் வாசிச்ச ரெக்கார்டிங் ப்ளேயர்ல மட்டும்தான் இருக்கா? இன்னிக்கு ராத்திரியே கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போடுங்க. டிஸ்க்காவது போகும் முன்னாடி முனகும். கார்டு பல நேரம் சொல்லாமக் கொள்ளாமப் போயிடும்.