ஊரைக் கேட்காமல் உலை வைப்பதா?

கூடங்குளத்துக்கும் கும்பகோணத்துக்கும் என்ன தொடர்பு? தென்கோடிக் கடற்கரையில் நிற்கும் அணு உலைக்கும் காவிரி பாயும் கழனிக்கும் என்ன உறவு? நெல்லைச் சீமையின் கவலையை நெல் விளைவிக்கும் சீமை ஏன் சுமக்க வேண்டும்? இப்படிக் கேட்கிறார்கள் சிலர். கேட்கட்டும், பதில் இருக்கிறது நம்மிடம்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே கல்பாக்கம், தெற்கே கூடங்குளம், இரண்டுக்கும் நடுவே நாகை, வேதாரண்யம், கோடியக்கரை - நமது கடற்கரை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை எழுந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே அலைதான் கல்பாக்கத்தில் கடல்நீர் இறைக்கும் கூடத்துக்குள்ளும் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது; மறுக்கவில்லை நாம். ஆனால் அலைக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதை அன்று கண்டோம். கதிர்வீச்சுக்கும் தெரியாது.

இப்போது கூடங்குளத்துக் கதையைப் பார்ப்போம். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது அந்தத் திட்டம். எரிந்து தீர்ந்த அணு எரிபொருளை ரஷ்யாவே எடுத்துச் சென்றுவிடும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. பின்னர் அந்த ஏற்பாடு மாறிற்று. எரிபொருள் இங்கேயே இருக்கும் என்றாயிற்று. மாற்றியவர்கள், இராதாபுரம் வட்டத்து மக்களைக் கூப்பிட்டு, "உங்கள் வாசலில் வைக்கப் போகிறோம், சம்மதமா?" என்று கேட்டார்களா? இல்லை! முதல் உலை 2013 ஜூலையிலும், இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். மொத்தம் ஆறு உலைகள் என்பது திட்டம்.

தீர்ந்த எரிபொருள் என்றால் என்ன? அறுவடை முடிந்த வயலில் தாள் கிடக்கிறது; உழுதால் மடிகிறது; மடிந்து உரமாகிறது. அணு உலையின் தாள் அப்படி மடிவதில்லை. உலையிலிருந்து எடுத்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் நீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, அந்த நீரை ஓயாமல் குளிர்வித்தாக வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நான்காவது உலை பராமரிப்புக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஆனாலும் அதன் தொட்டியில் கிடந்த எரிபொருளின் நிலை என்னாகுமோ என்று உலகமே கலங்கிற்று. அந்த எரிபொருளில் கலந்திருக்கும் புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் வேண்டும். இராசராசன் எழுப்பிய பெரிய கோயில் முற்றுப்பெற்றது 1010-இல். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்! இன்னும் இருபத்து மூன்று பெரிய கோயில் காலம் கழிந்தால், பாதி குறையும்!

இத்தகைய பொருளை எங்கே வைப்பது? 2013 மே 6-இல் உச்சநீதிமன்றம் கூடங்குளம் வழக்கில் தீர்ப்பளித்தபோது, உலைக்கு வெளியே தனியாக ஒரு சேமிப்பு மையத்தை ஐந்தாண்டுக்குள் அமைக்க வேண்டும் என்றது. ஐந்தாண்டு கழிந்தது, மையம் வரவில்லை. 2018-இல் மன்றத்தை அணுகி 2022 வரை அவகாசம் வாங்கினார்கள். 2019 ஜூலை 10-இல் இராதாபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். கட்சி வேற்றுமை கடந்து தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் முதலமைச்சர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி, அந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள், இங்கே மையம் வேண்டாம் என்று வலியுறுத்தினார்.

"அச்சம் வேண்டாம், எல்லாம் பத்திரம்" என்கிறது டில்லி. நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. மூடநம்பிக்கையை எதிர்த்து வளர்ந்த இயக்கம் இது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்வோமா? பம்புசெட்டு ஓட மின்சாரம் வேண்டும். ஆலை ஓட வேண்டும். பொறியாளர் கட்டும் தொட்டி உறுதியானதாகவே இருக்கலாம். நாம் கேட்பது வேறு. உறுதியானது என்றால், அதை ஊரார் முன்னால், ஊரார் மொழியில், ஊரார் கேள்விக்கு நடுவில் சொல்ல ஏன் தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் பழக்கம். மூன்று சான்றுகள் தருகிறோம்.

2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், தீர்ந்த எரிபொருளை மறுபடி பக்குவம் செய்யும் ஆலையில், ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். நாட்டு மக்களுக்கு அது தெரியவந்தது எப்போது? மாதங்கள் பல கழித்து! அதுவும் பாதுகாப்புக் குறைகளைப் பற்றித் தொழிலாளர் சங்கம் குரல் எழுப்பிய பிறகு! உழைப்பவன் வாய் திறந்ததால் வெளிவந்த உண்மை அது.

2019 அக்டோபரில் கூடங்குளத்துக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முதல் நாள், "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்ற பாணியில் மறுப்பு. மறுநாள், "நிர்வாகக் கணினியில் புகுந்தது உண்மை, உலையை இயக்கும் பகுதியைத் தொடவில்லை" என்று ஒப்புதல். இரண்டாம் நாள் சொன்னதை முதல் நாளே சொல்லியிருந்தால் கௌரவமாவது மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, கடல் கடந்த சான்று. ஜப்பானின் டோக்காய்முராவில் அணு எரிபொருள் தயாரிக்கும் ஆலை ஒன்று. மின் உலை அல்ல. வெறும் எரிபொருள் ஆலை. 1999 செப்டம்பர் 30-இல், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, விதியை மீறி, யுரேனியக் கரைசலை வாளியால் மொண்டு தொட்டியில் ஊற்றினார்கள். அளவு மிஞ்சிற்று, அணுத்தொடர்வினை மூண்டது. இரு தொழிலாளர்கள் மாண்டனர். 350 மீட்டர் சுற்றளவில் இருந்தோர் அப்புறப்படுத்தப்பட்டனர்; 10 கிலோமீட்டர் சுற்றளவில் சுமார் மூன்று இலட்சம் பேர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி சொல்லப்பட்டனர். விஞ்ஞானத்தில் வளர்ந்த நாட்டில், ஒரு வாளி செய்த வேலை இது!

கண்காணிப்பவர் யார் என்று பார்த்தால், அங்கும் கோணல். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைந்தது. உலை நடத்துவோர் எந்தத் துறையோ, அதன் குடைக்குக் கீழேதான் கண்காணிப்பவரும் உட்காரவைக்கப்பட்டனர். 2000-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்களை அந்த வாரியத்தின் பார்வையிலிருந்தும் விலக்கினார்கள். கல்பாக்கத்தில் 2003-இல் விபத்து நடந்த ஆலை அந்த மையத்தினுடையதுதான்! வாரியத்துக்குச் சுதந்திரம் போதாது என்று மத்தியத் தணிக்கைத் துறையே 2012-இல் எடுத்துக்காட்டிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தருகிறது. அந்த அளவில் நல்லது. ஆனால் அதே சட்டம், தனியார் முதலாளிகளுக்கு அணுமின் துறையின் கதவைத் திறந்துவிடுகிறது. கருவி விற்றவன் தவறு செய்தால் அவனிடம் ஈடு கேட்கலாம் என்று 2010 சட்டத்தில் இருந்த பிரிவையும் கைவிட்டுவிட்டது. டிராக்டர் பழுதென்றால் விற்றவனைக் கேட்கலாம். அணு உலைக் கருவி பழுதென்றால் கேட்க முடியாது! போபாலை மறந்துவிட்டதா டில்லி?

இனி, தஞ்சைத் தரணிக்கு வருவோம். கேட்காமல் வைப்பது என்பது நமக்குப் புதிதா? மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க வந்தார்கள். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து எச்சரித்தார், மக்கள் திரண்டனர், திட்டம் போயிற்று. 2017 ஜூனில் கதிராமங்கலத்து வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. விளக்கம் கேட்ட மக்களுக்கு அன்றைய அ.தி.மு.க. ஆட்சியில் கிடைத்தது தடியடியும் சிறையும்! 2012-இல் இடிந்தகரையில் நடந்ததும் அதே ஆட்சியில்தான். அமைதியாக அமர்ந்த மீனவ மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு! கேள்வி கேட்டவன் துரோகியாம். பதில் சொல்லாதவன் தேசபக்தனாம்!

2020 ஜனவரியில், எண்ணெய் எரிவாயுக் கிணறு தோண்டிப் பார்க்க மக்கள் கருத்தைக் கேட்கத் தேவையில்லை என்று விதியைத் திருத்திற்று மத்திய சர்க்கார். அடுத்த மாதமே காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் செய்யப்பட்டதென்றால், அது மக்கள் போராட்டத்தின் விளைச்சல். அந்தச் சட்டம் இருக்கும்போதே, 2023-இல் வடசேரியையும் மைக்கேல்பட்டியையும் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழகம் ஒரே குரலில் எதிர்த்ததும் நீக்கினார்கள். 2025 செப்டம்பரில் மற்றோர் ஆணை: அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் கருத்துக் கேட்பு வேண்டியதில்லையாம்! குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் மணலை அள்ளி மோனசைட் பிரிக்கும் திட்டம் இருக்கிறதே, அத்தகையவற்றுக்குத் திறந்த வழி இது. ஆக, எரிபொருள் மண்ணிலிருந்து வரும்போதும் கேட்பதில்லை. எரிந்து தீர்ந்து மண்ணுக்குத் திரும்பும்போதும் கேட்பதில்லை. நடுவில் மின்சாரக் கட்டணம் கேட்கும்போது மட்டும் நம் வீட்டு விலாசம் தெரிகிறது!

நெல் விளைவிப்போர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புகுஷிமாவும் நெல் விளையும் மாகாணம்தான். விபத்துக்குப் பின், 2012 அறுவடையிலிருந்து, அங்கே விளைந்த அரிசி மூட்டை ஒவ்வொன்றையும் கருவியில் வைத்துச் சோதித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை! 2015 விளைச்சலுக்குப் பிறகு வரம்பை மீறிய மூட்டை ஒன்றுமில்லை. ஆனாலும் வாங்குவோர் மனத்தில் விழுந்த ஐயம் விலையில் தெரிந்தது. நஞ்சு நீங்கினாலும் பெயர் நீங்குவதில்லை. உழவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. நிரபராதி என்று மூட்டைக்கு மூட்டை நிரூபிக்க வேண்டியவன் அவன்தான். ஈரப்பதம் ஒரு சதவிகிதம் கூடிற்று என்று கொள்முதல் நிலைய வாசலில் நாட்கணக்கில் காத்துக் கிடக்கும் நம் உழவனுக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஊரைக் கேட்டு நடப்பது முடியாத காரியமா? பின்லாந்தில் 1987 சட்டப்படி, அணுக்கூடம் வரவிருக்கும் ஊராட்சி 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். அரசாங்கமே மீற முடியாது. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, எவுரயோக்கி என்ற ஊரின் மன்றம் 2000-இல் வாக்கெடுத்து, தன் பாறைக்கடியில் கழிவை வைக்கச் சம்மதித்தது. கவனியுங்கள்: மறுக்கும் உரிமை இருந்ததால்தான் சம்மதம் பிறந்தது! பிரான்சில் அணு நிலையந்தோறும் வட்டாரத் தகவல் குழு உண்டு; 1981-இல் தொடங்கி, 2006-இல் சட்டமாயிற்று. ஊர்ப் பிரதிநிதிகளும் தொழிற்சங்கத்தாரும் அதில் அமர்ந்து கணக்குக் கேட்கிறார்கள்.

வெளிநாடு போவானேன்? மேட்டூரில் உபரிநீர் திறந்தால் கொள்ளிடக் கரை ஊர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகிறது. மேல்மதகில் பலகை போடுமுன் கடைமடைக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்வது நம் பாசன மரபு. தண்ணீருக்கே அந்த மரியாதை உண்டென்றால், தலைமுறை தலைமுறையாய்த் தகிக்கும் பொருளுக்கு வேண்டாமா?

எனவே நாம் கேட்கிறோம்:

ஒன்று, தீர்ந்த எரிபொருள் பற்றிய பாதுகாப்பு அறிக்கைகள் முழுவதும் தமிழில் வெளிவர வேண்டும்.

இரண்டு, கிராம சபைகளின் ஒப்புதலும் தமிழக அரசின் இசைவும் இல்லாமல் சேமிப்பு மையமோ மறுபக்குவ ஆலையோ வரக்கூடாது. 2020, 2025 விலக்குகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

மூன்று, கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மீனவர், உழவர், தொழிற்சங்கத்தார் அமர்ந்த வட்டாரக் குழு வேண்டும். கடல்நீர், மீன், பால் ஆகியவற்றைத் தாமே தேர்ந்த நிபுணர்களைக் கொண்டு அளந்து, முடிவை மாதந்தோறும் ஊர்ப் பலகையில் எழுதும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

நான்கு, ஆராய்ச்சி மையத்து ஆலைகள் உட்பட எல்லா அணுக்கூடங்களும் துறைக்கு அடங்காத ஒரே கண்காணிப்பின் கீழ் வர வேண்டும்.

இவை அதிகப்படியான கோரிக்கைகளா? சம்பந்தி வீட்டுக்குப் பெண் கேட்கப் போகிறவன்கூட, ஊர் விசாரித்துவிட்டுத்தான் போகிறான். இருபத்து நாலாயிரம் ஆண்டு விருந்தாளியை அழைத்து வருகிறவர்கள், வீட்டுக்காரனைக் கேட்பது நியாயம். கேட்காமல் வைத்தால், அது சோற்றுக்கு வைத்த உலை அல்ல. ஊருக்கு வைத்த உலை. கூடங்குளத்து மீனவன் கேட்கும் கேள்வியைக் குடந்தை உழவனும் சேர்ந்து கேட்கட்டும். அப்போது டில்லிக்குக் காது கேட்கும்!