நூல் வாங்கப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

கைவேலைக் கண்காட்சி ஒன்று வருகிறதென்றால், "சும்மா போய்ப் பார்ப்போம், பிடிச்சா வாங்குவோம்" என்பார்கள். கையில் பட்டியலோடு போகிறவளைக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று கேலியும் செய்வார்கள். சகோதரிகளே, அது கஞ்சத்தனம் அல்ல. பட்டியல் இல்லாமல் போவதுதான் வீண்விரயம்.

"சும்மா" போய் வந்தவர்களின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். ரோஸ் நிறத்தில் இரண்டு பந்து, பச்சையில் மூன்று பந்து. பெரியவர் ஒருவரின் சட்டைக்கு எதுவும் காணாது.

நிறத்தைப் பார்க்கிறோம், லேபிளில் உள்ள நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சட்டைக்கு 1,100 மீற்றர் தேவை என்று வைப்போம். 50 கிராம் பந்தில் 120 மீற்றர் இருந்தால் 10 பந்து போதும். அதே 50 கிராமில் 90 மீற்றர்தான் என்றால் 13 பந்து வேண்டும். நிறை ஒன்று, செலவு வேறு. இது ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

சாயத் தொகுதி இலக்கத்தையும் பாருங்கள். குறைந்த இரண்டு பந்தைப் பிறகு வாங்கினால், நிற இலக்கம் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறியிருக்கும். பகல் வெளிச்சத்தில் சட்டையின் நடுவே கோடு விழுந்தது போல் தெரியும். தேவையான அத்தனையையும் ஒரே தொகுதியில், ஒரே தடவையில் வாங்குங்கள். நுவரெலியாக் குளிருக்குக் கம்பளி சரி. எங்கள் கரையோர வெயிலுக்குப் பருத்தி நூல்தான் உதவும்.

"எதிர்பாராமல் நல்ல நூல் கிடைத்தால் விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். விட வேண்டாம். அதற்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குங்கள். ஆனால் என்ன பின்னப் போகிறோம் என்று சொல்ல முடியாத நூலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டிலிருந்து தொப்பியும் குழந்தை உடுப்பும் பின்னி விற்கும் பெண்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல, முதலீடு. அலுமாரியில் முடங்கிய நூல் அவர்களது முடங்கிய முதல்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு கேள்வி. பிள்ளையின் தையலுக்குப் புள்ளி போடுகிறோம். "இதற்கு எவ்வளவு நூல் போனது, என்ன செலவு, என்ன விலைக்கு விற்பாய்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? பின்னல் மட்டும் தெரிந்து கணக்குத் தெரியாத பிள்ளையின் உழைப்பின் லாபம் அடுத்தவர் கைக்குத்தான் போகும்.