புது மேனேஜரும் பழைய டெபாசிட்டும்

பயிற்சி வகுப்பு என்றாலே ஒரு அமெரிக்க வெற்றிக் கதை வந்துவிடும். இந்த முறை பேஸ்பால். டம்பா பே ரேஸ் என்று ஒரு ஏழை அணி. 2005-ல் வால் ஸ்ட்ரீட் ஆசாமி ஸ்டூவர்ட் ஸ்டெர்ன்பெர்க் கையில் வருகிறது. 28 வயது ஆண்ட்ரூ ஃப்ரீட்மேனிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். 2007-ல் 66 வெற்றி, 2008-ல் 97, வேர்ல்ட் சீரிஸ் வரை போனார்கள். 'நிர்வாகம் மாறினால் எல்லாம் மாறும்' என்று முடித்தார் ஆசிரியர். ஒரே கைத்தட்டல்.

நான் தட்டவில்லை. கணக்கைப் பாருங்க மக்களே. கிராஃபோர்ட், ஷீல்ட்ஸ், அப்டன் மூவரும் பழைய நிர்வாகம் 1999, 2000, 2002-ல் எடுத்த பையன்கள். கார்ஸாவும் பார்ட்லெட்டும் வந்தது டெல்மன் யங்கைக் கொடுத்து. அவரும் பழையவர்கள் 2003-ல் எடுத்தவர்தான். அப்போதெல்லாம் கடைசியில் நிற்கும் அணிக்குத்தான் புது வீரர்களை எடுக்க முன்வரிசை கிடைத்தது. இவர்கள் பத்து வருடத்தில் ஒன்பது முறை கடைசி! தோற்றுத் தோற்றுச் சேர்த்த முதல் அது.

புதியவர்களும் சும்மா இருக்கவில்லை. 2006-ல் லொங்கோரியாவை எடுத்து, 2008-ல் அவர் ஆட வந்த ஒரே வாரத்தில் ஆறு வருடத்துக்கு 1.75 கோடி டாலர் என்று மடக்கியது சாமர்த்தியம்தான்.

ஆனால் நம்ம கிளைகளில் பார்க்காததா? மார்ச் முடிந்ததும் புது மேனேஜருக்கு மாலை. டெபாசிட்டுக்கு வீடு வீடாக அலைந்தவர் அதற்குள் மாற்றலாகி எங்கோ ஜார்க்கண்டில் இருப்பார். (யார் என்று கேட்காதீங்க.)

பழைய பொது மேலாளர் சக் லமாரை 2005-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் செய்த தப்பும் ஏராளம், சரி. ஆனால் பெயர்கூட வரவில்லையே என்று கேட்டேன்.

"டீ ஆறிடும், வாங்க" என்றார் ஆசிரியர்.